கமர் போடாத டிக்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு கமருன்னிஸாவின் தம்பி ரஃபி போன் செய்தான். நான் ஆபீசில் எங்கள் சாஃப்ட்வேரின் புது வெர்ஷனுக்கு பேக்கேஜ் கட்டிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு ஃபைல்களை அடுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கமரின் நாற்காலி காலி. பொன்னேரியில் ரயிலை விட்டிருப்பாள், வந்ததும் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனை எடுத்தேன்.

"சுமதிக்கா, அக்கா மௌத்தா பூட்டாங்க."

"எந்த அக்கா?" என்று கேட்டேன். இதை எழுதவே கூசுகிறது. அவனுக்கு இருந்தது ஒரே அக்கா.

"கமரக்கா. விடியக்காலைல தொழுவுறதுக்கு எந்திரிச்சாங்க. கைகாலு கழுவப் போன எடத்துல உழுந்துட்டாங்க. பொன்னேரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ளயே எல்லாம் முடிஞ்சிபோச்சுக்கா."

மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். முப்பத்திரண்டு வயது. முந்தின நாள் சாயங்காலம் கம்பெனி கேட் வாசலில், "அந்த ஐகானை நாளைக்கு மாத்திடுடி, பாக்க சகிக்கல" என்று சொல்லிவிட்டுப் போனவள். தலைவலி என்றுகூடச் சொல்லவில்லை. போனை வைத்ததும் நான் செய்த முதல் காரியம், கமருக்கு போன் போட்டது. பழவேற்காட்டுக்கு எந்த பஸ், சாவு வீட்டுக்குக் கையில் என்ன கொண்டு போவது, முஸ்லிம் வீட்டில் என்னைப் போன்ற வேற்று மனுஷி என்னென்ன செய்யக் கூடாது, இதையெல்லாம் நான் அவளைத்தானே கேட்பேன்? நாலு தடவை மணி அடித்த பிறகு ரஃபிதான் எடுத்தான். "அக்கா?" என்றான். வைத்துவிட்டேன். இன்றைக்கு நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது. அந்த நம்பரை அழிக்கக் கை வரவில்லை.

கமரைப் பற்றி ஒரு நினைவுக் குறிப்பு எழுதும்படி மேனேஜர் வரதன் சார் என்னைக் கேட்டார். கம்பெனி மலரில் போடுவதற்காக. இதைப் படிக்கிற நீங்கள் எல்லாரும் அவளைப் பார்த்திருப்பீர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நம் கம்பெனி கம்பிகளை இழுத்து முறித்துப் பார்க்கும் மெஷின் செய்கிறது என்பது ஊருக்கே தெரியும். அந்த மெஷினோடு போகும் சாஃப்ட்வேரை மாடியில் எட்டுப் பேர் எழுதினோம் என்பது கீழே ஷெட்டில் இருப்பவர்கள் பலருக்குத் தெரியாது. கமர் என்ன வேலை செய்தாள் என்பது மாடியில் இருந்தவர்களுக்கே முழுசாகத் தெரியாது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இரும்பு ஆலைகளில் ஆபீஸ் கம்ப்யூட்டர் விண்டோஸாக இருக்கும். ஷெட்டுக்குள் மெஷின் பக்கத்தில் இருப்பது லினக்ஸாக இருக்கும். எங்கள் சாஃப்ட்வேர் இரண்டிலும் ஓட வேண்டும். ஓடுவதற்கு முதலில் தன் ஃபைல் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும். ஒரு ஃபோல்டருக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று ஃபைல் இருக்கிற இடத்தை எழுதுவதை நாங்கள் பாத் என்போம். நடுவில் ஒரு சாய்ந்த கோடு போட்டுப் போட்டுத்தான் அதை எழுதுவது. விண்டோஸில் அந்தக் கோடு இடப்பக்கம் சாயும். லினக்ஸில் வலப்பக்கம். ஒன்றில் சி, டி என்று டிரைவுக்கு எழுத்து உண்டு, மற்றதில் கிடையாது. ஒன்றில் செட்டிங்ஸ் ஒரு மூலையில் இருக்கும், மற்றதில் வேறொரு மூலையில். இந்த வித்தியாசங்கள் எதுவும் மற்ற ஏழு பேரைத் தொந்தரவு செய்யாதபடி கமர் முப்பது நாற்பது குட்டிக் குட்டி ஃபங்ஷன்கள், அதாவது ஒரு வேலைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன புரோகிராம்கள், எழுதி வைத்திருந்தாள். இரண்டு பெயரைக் கொடுத்தால் சரியான கோடு போட்டு ஒட்டித் தரும் ஒன்று. இந்த ஃபோல்டர் நிஜமாகவே நம்முடையதுதானா என்று பார்த்துச் சொல்லும் ஒன்று. பேக்கேஜ் கட்டும்போது எது எங்கே போக வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும் இன்னொன்று. கஸ்டமர் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அது உடைந்துபோயிருக்கிறது என்று அர்த்தம்.

நான் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குள் சண்டை. ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பத்திலிருந்து கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்து வந்தவள் நான். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு தலைக்கு மேல் இருந்தது. என் கோடிங்கைப் பார்த்துவிட்டு, "இது எந்த மெஷினுக்கு எழுதினது?" என்று கேட்டாள்.

"விண்டோசுக்கு."

"லினக்ஸ் மெஷினு இன்னா பண்ணும்? தலைகீழா நின்னு படிக்குமா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஒரு கோடுதானே, நானே கையால போட்டுக்கறேன், இதுக்கு ஒரு ஃபங்ஷன் வேறயா?" என்று குரலை உயர்த்தினேன். அவள் உயர்த்தவில்லை. "எந்த மெஷினும் நம்ம ஊட்டு வழிய தெரிஞ்சி வெச்சிக்கினு இருக்காதுடி. போற எடத்துல கேட்டுக் கேட்டுத்தான் போவணும். நீ கேக்காமலே போற" என்றாள். அன்றைக்கு முழுக்க நான் அவளோடு பேசவில்லை. மறுநாள் டிபன் டப்பாவைத் திறந்து இறால் ஊறுகாயை என் பக்கம் தள்ளினாள். அதோடு சண்டை முடிந்தது. எனக்குக் கோபம் எவ்வளவு சீக்கிரம் வருமோ அவ்வளவு சீக்கிரம் பசியும் வரும்.

அவள் கம்ப்யூட்டரில் பேஜாரு டப்பா என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள் உலகத்தில் உள்ள கோணல் பெயர்கள் அத்தனையும் இருக்கும். நடுவில் இடைவெளி விட்ட பெயர், வெறும் புள்ளியாக ஒரு பெயர், ஒரு பக்கம் நீளத்துக்கு ஒரு பெயர், தமிழில் ஒரு பெயர். புதிதாக எழுதிய எந்த ஃபங்ஷனையும் அதற்குள் ஒரு சுற்று விட்டுத்தான் எடுப்பாள். ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்து ஒரு ஆலையில் வேலை பார்த்த சூப்பர்வைசர், பெயரின் கடைசியில் ஒரு இடைவெளியைத் தட்டி ஃபோல்டர் வைத்திருந்தார். எங்கள் சாஃப்ட்வேர் அங்கே போய் முழி பிதுங்கி நின்றது. நானாக இருந்தால் அந்த ஆளை ஒரு பிடி பிடித்திருப்பேன். கமர் அவரோடு உட்கார்ந்து டீ குடித்தாள். அவர் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டாள். திரும்பி வந்து அந்தப் பெயரையும் டப்பாவில் போட்டாள். "ஆளுங்க அப்படித்தான் பேர் வெப்பாங்க. அவங்க வெச்ச பேர தப்புன்னு சொல்ல நாம யாரு? நம்மளுது தாங்கணும்" என்றாள்.

நோன்பு மாதத்தில் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். ஆனாலும் பகல் சாப்பாட்டு வேளையில் என்னோடு கேண்டீனுக்கு வந்து எதிரில் உட்காருவாள். தனியாகச் சாப்பிட்டால் எனக்கு இறங்காது என்று அவளுக்குத் தெரியும். "நீ பாத்துக்கினு இருக்கும்போது நான் எப்படி முழுங்கறது?" என்று கேட்டால், "நீ துண்ற வேகத்த பாத்தாலே எனுக்கு வயிறு ரொம்பிடுது, துண்ணு நைனா" என்று சிரிப்பாள். எங்கள் பக்கத்து ஆட்கள் தெலுங்கு கலந்து வாய்க்கு வாய் நைனா, டப்பு என்பதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். பழவேற்காட்டில் அவள் குடும்பம் வலையும் கயிறும் விற்கிற கடை வைத்திருக்கிறது. அவளுடைய வாப்பா காலமான பிறகு ரஃபி பார்த்துக்கொள்கிறான். கடைக்கு வரச் சொல்லி எத்தனையோ தடவை கூப்பிட்டார்கள். "கயித்துல முடிச்சு போடறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. இங்க முடிச்சு கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோதான்" என்பாள்.

இதுவரை எழுதியதைப் படித்தால் நல்ல மாதிரியான ஒரு அஞ்சலி போலத்தான் இருக்கும். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். வரதன் சாரும் கேட்டபோது இந்த அளவுக்குத்தான் எதிர்பார்த்தார்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு ஆலையில் எங்கள் புது வெர்ஷனைப் போட்டதும் அவர்களுடைய மூன்று வருட டெஸ்ட் ரிப்போர்ட் மொத்தமும் அழிந்துபோனது. மாடியில் இருந்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ரிப்போர்ட் இல்லாமல் கம்பி வெளியே போகக் கூடாது என்பதால் அந்த ஆலை வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அது கமரின் தவறு என்றுதான் நீங்கள் எல்லாரும் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது என் தவறு.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த பேக்கேஜைக் கட்டியவள் நான். புது வெர்ஷன் போய் உட்காருவதற்கு முன்னால், எங்கள் பழைய வெர்ஷனின் ஃபோல்டருக்குள் இருக்கும் டேட்டா என்ற சின்ன ஃபோல்டரைத் துடைத்துவிட வேண்டும். பழைய வெர்ஷன் எங்கே இருக்கிறது என்பதை செட்டிங்ஸிலிருந்து படித்து, அதோடு டேட்டா என்ற பெயரை ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு கமர் எழுதிய ஃபங்ஷன் இருந்தது. ஒரு பெயர் காலியாக வந்தால் அது வேலை செய்யாமல் நின்றுவிடும். நான் அதைப் பயன்படுத்தவில்லை. ஒரு கோடுதானே என்று கையாலேயே போட்டு ஒட்டினேன். விண்டோஸில் ஓட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. லினக்ஸ் மெஷினில் செட்டிங்ஸ் வேறு மூலையில் இருந்ததால் அந்தப் பெயர் காலியாக வந்தது. முன்னால் ஒன்றும் இல்லாமல் வெறும் கோடும் டேட்டா என்ற பெயரும் மட்டும் மிஞ்சின. லினக்ஸில் அப்படி எழுதினால் மெஷினின் தலைவாசலிலேயே இருக்கிற டேட்டா ஃபோல்டர் என்று அர்த்தம். அந்த ஆலைக்காரர்கள் தங்கள் ரிப்போர்ட்டையெல்லாம் சரியாக அங்கேதான் வைத்திருந்தார்கள். இன்னொரு காப்பி எடுத்து வையுங்கள் என்று நாங்கள் சொல்லியும் அவர்கள் எடுத்து வைக்கவில்லை.

லினக்ஸில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம். ஐந்தரை மணி ஊத்துக்கோட்டை பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். டெஸ்ட் ஷீட்டில் விண்டோஸ் என்று ஒரு கட்டம், லினக்ஸ் என்று ஒரு கட்டம். விண்டோஸுக்கு டிக் போட்டேன். அதே பேனாவால், அதே மூச்சில், லினக்ஸுக்கும் போட்டேன். ஷீட்டை கமர் மேஜையில் வைத்தபோது பை என் தோளில் இருந்தது.

"லினக்ஸ்ல ஓட்னியா?"

"ஓட்டினேன்."

அவள் கையெழுத்துப் போட்டாள். என்னை நம்பி.

நாலு நாள் கழித்து வரதன் சார் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். ஷீட் அவர் கையில் இருந்தது. முகம் வெளுத்துப் போயிருந்தது. "லினக்ஸ்ல ஓட்டியிருந்தா இது நடந்திருக்கவே நடந்திருக்காது. ஓட்டாம யாரு இங்க டிக் போட்டது?" என்றார். அப்போது எனக்கு வேலை நிரந்தரம் ஆகவில்லை. ஆறு மாத புரொபேஷன் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. வேலை போனால் நேராக வீட்டுக்கு வர வேண்டியது, மாப்பிள்ளை பார்க்க வேண்டியது என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார்.

"நான்தான் சார் போட்டேன். நேரம் இல்லன்னு போட்டுட்டேன். சுமதிக்கு எதுவும் தெரியாது" என்றாள் கமர். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பொய்யே சொல்லத் தெரியாது என்று நான் நினைத்திருந்தவள், வெய்யில் அதிகம் என்று சொல்வதைப் போல அதைச் சொன்னாள்.

மாடிப்படியில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "ஏன் கமர் இப்டிப் பண்ணே?"

"உனுக்கு இன்னும் லெட்டரு வரல. எனுக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. என்னைத் திட்டுவாங்க, உன்ன தொரத்திடுவாங்க. அவ்ளோதான்டி."

"லெட்டர் வந்ததும் நானே போய்ச் சொல்லிடறேன். சத்தியமா சொல்லிடறேன்."

"சரி, சொல்லு" என்றாள்.

அழிந்த ரிப்போர்ட்டுகள் அந்த ஆலையின் பேப்பர் ரெஜிஸ்டர்களில் இருந்தன. அத்தனையையும் திரும்ப டைப் செய்ய கமரை அனுப்பினார்கள். நானும் வருகிறேன் என்று சொல்லி உடன் போனேன். அங்கே டெஸ்ட் ரூமில் இரண்டு வாரம். வெளியே கம்பி உருட்டும் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். நான் ரெஜிஸ்டரைப் படித்துக் கத்துவேன், அவள் தட்டுவாள். கை வலித்தால் மாற்றிக்கொள்வோம். துருவும் தூசியுமாகச் சாயங்காலம் அவள் வெள்ளை துப்பட்டா செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும். அந்த இரண்டு வாரத்தில் ஒரு தடவைகூட அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. தப்பு செய்த எனக்குத்தான் எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆலைக்காரர் கையெழுத்து சரியில்லை என்று ஒருநாள் ரெஜிஸ்டரைத் தூக்கி எறிந்தேன். அவள் எழுந்து போய் எடுத்து, தூசியைத் தட்டி, விட்ட பக்கத்தைத் தேடித் திறந்து வைத்தாள்.

அந்த மூன்று வாரம் முடிந்ததும் எனக்கு நிரந்தர வேலைக்கான லெட்டர் வந்தது. அன்று சொல்லவில்லை. ஒரு மாதம் போகட்டும் என்று நினைத்தேன். அந்த வருடம் டீம் லீடர் ஆகியிருக்க வேண்டியவள் கமர். வெளியிலிருந்து ஒருவரை அந்த நாற்காலியில் கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். இந்த நிலைமையில் சொன்னால் இன்னும் கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவள் எழுதிய ஒவ்வொன்றையும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத்தான் வெளியே அனுப்பினார்கள். அவளுடைய ஃபங்ஷன்களைப் படித்தால் புரியாதவர்கள்கூட அதில் கையெழுத்துப் போட்டார்கள். "கமர் டிக் போட்டாச்சா? அப்ப இன்னொரு வாட்டி பாத்துடுங்க" என்பது மாடியில் ஒரு ஜோக்காகவே ஆகிவிட்டது. எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு பழவேற்காடு போய்ச் சேர்ந்தேன். குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, முகம் மட்டும் தெரியும்படி வைத்திருந்தார்கள். தூங்குகிற முகம் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த ஆலைக்குப் போய்வந்த ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிய கமரை எனக்குத் தெரியும், அது வேறு முகம். இது என்ன, யார் செய்த வேலை, யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் தோன்றியது. பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் அவளுடைய உம்மா என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். அழுது அழுது குரல் போயிருந்தது. சுற்றி இருந்த பெண்களிடம் என்னைக் காட்டிச் சொன்னார்:

"இதான் சுமதி. கமரு கூட வேலை செய்யுற பொண்ணு. அன்னிக்கி எம் பொண்ணு கையால ஏதோ கம்பெனி ரிப்போட்டெல்லாம் அழிஞ்சிபோச்சுன்னு சொன்னாளே, அப்ப பதினஞ்சு நாளு இந்தப் பொண்ணும் கூடவே உக்காந்து டைப் அடிச்சிது. தான் செய்யாத தப்புக்கு யாரும்மா வந்து உக்காருவாங்க? கூடப் பொறந்தவகூட உக்கார மாட்டா."

என் தலையில் கையை வைத்தார்.

வீட்டில்கூட அவள் சொல்லவில்லை. பெற்ற தாயிடம்கூட. தான் தவறு செய்ததாகவே வீட்டுக்கும் சொல்லி, அதில் எனக்கு நல்ல பெயர் வேறு வாங்கித் தந்திருக்கிறாள். அது நான்தான் உம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது ஆண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். தூக்குகிற நேரம். ஒரே அழுகைச் சத்தம். பெண்கள் அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை என்பதால் வாசலோடு நின்றோம். சாயங்கால அஸர் தொழுகைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காலையில் போன், சாயங்காலம் மண். எங்கள் பக்கத்தில் ஒரு சாவு என்றால் சொந்தக்காரர்கள் வந்து சேரவே ஒரு நாள் ஆகும். எனக்கு அந்த வேகம் தாங்கவில்லை. கொஞ்சம் இருங்கள், நான் ஒன்று சொல்ல வேண்டும் என்று யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

கம்பெனியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் வரதன் சார் பேசினார். நல்ல மனிதர், மனதாரத்தான் பேசினார். "ஒரே ஒரு தடவை அவங்க ஒரு தப்பு பண்ணாங்க. அதை மறைக்காம என் முன்னாடி நின்னு ஒத்துக்கிட்டாங்க. அந்த நேர்மை நம்ம எல்லாருக்கும் பாடம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அடுத்ததாகப் பேச என் பெயரைச் சொல்லியிருந்தார்கள். நான் திரும்பிப் போகவில்லை.

மறுநாள் காலை அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையாகச் சொல்ல வரவில்லை. பஸ்ஸில் ஆரம்பித்து, லெட்டருக்குப் போய், திரும்பி டிக்குக்கு வந்தேன். அவர் முதலில் நம்பவில்லை. துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்தார்.

"இப்ப எதுக்கும்மா இது? போனவங்க போயிட்டாங்க. இனிமே இது யாருக்கு ஆவப் போவுது?"

"அந்த ஷீட்டை எடுங்க சார். எழுதணும்."

பீரோவிலிருந்து ஃபைலை எடுத்தார். இரண்டு டிக்கும் அப்படியே இருந்தன. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே நீள வால். கமர் டிக் போட்டால் வால் நீளமாக இருக்காது. அவள் போட்ட நூறு ஷீட் அதே ஃபைலில் இருந்தது. அவர் அவற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ரெண்டு வருஷம் அந்தப் பொண்ணு வேலை மேல நான் கையெழுத்துப் போட்டுக்கினு இருந்தேன். ஒருநாளாவது இந்த ஷீட்டை எடுத்துப் பாக்கல" என்றார். அதை என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

ஷீட்டின் அடியில் எழுதினேன்: லினக்ஸில் ஓட்டாமல் இந்த டிக்கைப் போட்டவள் சுமதி. கமருன்னிஸா போடவில்லை. அவருக்கு இதில் எந்தத் தவறும் இல்லை. கையெழுத்தும் தேதியும் போட்டேன். என்னை என்ன செய்வதென்று கம்பெனி முடிவு செய்யட்டும் என்றேன். இதுவரை எதுவும் சொல்லவில்லை. இந்தக் குறிப்பை ஒரு வார்த்தை வெட்டாமல் போட வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதினார்கள். அந்த ஷீட்டின் ஜெராக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு பழவேற்காடு போனேன். ஓதி முடித்து, சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் கிளம்பிய பிறகு, உம்மா தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்து எதிரில் போய் உட்கார்ந்தேன். உங்கள் மகள் எதையும் அழிக்கவில்லை, அழித்தவள் நான் என்று சொன்னேன். நான் பொய் சொன்னேன், அவள் என்னைக் காப்பாற்றினாள், லெட்டர் வந்ததும் சொல்கிறேன் என்று சத்தியம் செய்தேன், சொல்லவில்லை என்று சொன்னேன். ரஃபி அந்தக் காகிதத்தை வாங்கி, அடியில் நான் எழுதியிருந்ததை உரக்கப் படித்தான். படித்து முடித்துவிட்டு எழுந்து வாசல் பக்கம் போய்விட்டான்.

உம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். அவர் காகிதத்தை வாங்கி மடியில் வைத்து, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அஞ்சு வருஷம் பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்தியேம்மா. இத்த சொல்றதுக்கு இம்மா நாளு ஏம்மா ஆச்சு?"

காகிதத்தை அவர் மடியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

தினமும் எட்டரை மணி நேரம் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் கமர். அந்தக் கேள்வியைக் கேட்க உலகத்திலேயே உரிமை உள்ளவள் அவள்தான். ஒருநாளும் கேட்டதில்லை. கோபத்தில் இல்லை, கிண்டலில் இல்லை, மற்றவர்கள் சிரித்தபோது ஒரு பார்வையால்கூட இல்லை. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவள் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியைத்தான்.